சல்லடையும் கரியனும்

பார்வையில்லாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் அந்த நிலையத்தில் எல்லோரும் அவளைச் சல்லடை என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. அவளும் திரும்பிப் பார்ப்பாள். நூறு நாயைக் கொண்டுவந்து நிறுத்தினால் தொண்ணூற்றைந்தைக் கழித்துக் கட்டிவிடுவாள். மிச்சம் ஐந்தையும் "பார்க்கலாம்" என்பாளே தவிர, "சரி" என்று அவள் வாயிலிருந்து வாங்குவது கஷ்டம்.

நாயைப் பழக்குவது பயிற்சியாளர்களின் பாடு. பழக்குவதற்குத் தோதான நாயைத் தேடிப் பிடிப்பது அவள் பாடு. பதினாறு வருஷமாக அதையே செய்துகொண்டிருந்தாள். காப்பகங்கள், நாய் வளர்க்கும் பண்ணைகள், ஆசைப்பட்டு வாங்கிவிட்டுச் சமாளிக்க முடியாமல் திண்டாடும் வீடுகள் என்று அவள் ஏறி இறங்காத வாசல் இல்லை. போனவுடன் நாயைக் கொஞ்ச மாட்டாள். கூண்டுக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். பிறகு கையோடு கொண்டுவந்த பையைத் திறப்பாள். நாய் அசந்திருக்கிற நேரம் பார்த்து எவர்சில்வர் தட்டைத் தரையில் போடுவாள். அதன் மூக்குக்கு எதிரே குடையைப் படாரென்று விரிப்பாள். சாக்கடை மேல் போட்டிருக்கும் இரும்புக் கம்பிகளின்மீது நடத்துவாள். கூடையில் பூனையை வைத்துக் குறுக்கே கொண்டுபோகச் சொல்வாள். காதைப் பிடித்து இழுப்பாள், கால்விரல் இடுக்கில் லேசாகக் கிள்ளுவாள்.

"பயமே இல்லாத நாய் ஆபத்துங்க. பயந்து ஓடுற நாயும் ஆபத்து. பயந்துட்டு, சரி என்னதான் அதுன்னு திரும்பி வந்து மோந்து பார்க்குது பாருங்க, அதுதான் நமக்கு வேணும்" என்று புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் சொல்வாள்.

இப்படி நாயின் ஒவ்வோர் அசைவையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவளுக்குத்தான் ஒரு தம்பி இருந்தான். அவளைவிட ஏழு வயது சின்னவன். இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் என்பதால் அவன் நாற்பதைத் தொட்ட பிறகும் அவளுக்குச் சின்னப் பையன்தான். பத்தொன்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவன். ஆறடி உயரம், வேகமான நடை, அதைவிட வேகமான வாய். அவனுடைய விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. அவனுக்கு மட்டும் ஓரளவு தெரியும். அவனும் அதை வெளியே சொல்லவில்லை. ஒரு நாள் மத்தியானம் பேருந்தை நிறுத்தத்தில் ஓரங்கட்டும்போது நிழற்குடையின் தூணில் உரசிவிட்டான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அங்கே தூண் இருந்ததே அவனுக்குத் தெரியவில்லை. பயணிகளை இறக்கிவிட்டு, சாவியைக் கழற்றிக்கொண்டு நடந்தே பணிமனைக்குப் போய் மேசைமேல் வைத்தான். "இனிமே என்கிட்ட இதைக் கொடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னானாம்.

அடுத்த மூன்று வருஷத்தில் வெளிச்சம் எது, இருட்டு எது என்று பிரித்தறிவதைத் தவிர அவனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வெள்ளைக் கோலைக் கையில் எடுக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தான். "கோலைப் பிடிச்சா ஜனம் ரெண்டா பிரிஞ்சு வழி விடுது அக்கா. நான் என்ன ஆம்புலன்ஸா?" என்பான். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவி காலையில் கதவைச் சாத்திக்கொண்டு போனால், சாயங்காலம் திரும்பும்போதும் அவன் அதே நாற்காலியில் இருப்பான்.

அப்படி இருந்தவன் ஒரு நாள் தானாகவே கேட்டான். "அக்கா, ஊருக்கெல்லாம் நாய் தேடிக் கொடுக்கிறியே. எனக்கும் ஒண்ணு பாரேன்."

அதைக் கேட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே மேலாளரிடம் போய் நின்றாள். அவர் பட்டியலைப் பார்த்தார். காத்திருப்பவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் வரிசை மட்டும் கணக்கில்லை, ஆளின் நடையும் நாயின் நடையும் பொருந்தவேண்டும். "உன் தம்பி நடக்கிற நடைக்கு நாய் பத்தாது, குதிரைதான் வேணும். பெரிய நாயா, வேகமா நடக்கிறதா ஒண்ணு கண்டுபிடி. பட்டியல்ல இருக்கிற வேற யாருக்கும் அது ஒத்துவராது. அவனுக்கே கொடுக்கலாம்" என்றார்.

இரண்டு மாதம் அலைந்தாள். ஒரு நாய் தட்டுச் சத்தத்துக்கு மேசைக்கடியில் போய் ஒளிந்தது. இன்னொன்று பூனையைப் பார்த்ததும் அவளையே கீழே தள்ளிவிட்டு ஓடியது. மூன்றாவது எல்லாவற்றிலும் தேறிவிட்டு, கடைசியில் கீழே கிடந்த ரொட்டித் துண்டுக்காகத் தன் மானத்தை விற்றுவிட்டது.

தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு காப்பகத்தில்தான் அந்தக் கறுப்பு நாயைப் பார்த்தாள். இடுப்பில் சாவிக் கொத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு நடமாடும் காப்பகத்துக்காரர் அதற்குக் கரியன் என்று பேர் வைத்திருந்தார்.

"மூடிக் கிடக்கிற பெட்ரோல் பங்க்ல யாரோ கட்டிப்போட்டுட்டுப் போயிட்டாங்க. நான் போய்க் கயித்தை அவுத்து விட்டேன். ஓடலை. என் முகத்தைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கான். அடுத்து என்ன செய்யணும்னு கேக்குற மாதிரி" என்றார் அவர்.

கரியன் நல்ல உயரம். வயது இரண்டுக்குள் இருக்கும். தட்டு விழுந்ததும் துள்ளிப் பின்வாங்கியது. மூன்று எண்ணுவதற்குள் திரும்பி வந்து தட்டை மோந்து பார்த்தது. குடை விரிந்தபோது கண்ணைச் சிமிட்டியது, அவ்வளவுதான். பூனையைப் பார்த்துவிட்டு, அது வேறு யாருடைய பிரச்சினையோ என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கம்பிமேல் நடந்தது. கிள்ளியபோது கையை நக்கியது. வெளியே தெருவில் நடத்திப் பார்த்தாள். வார் விறைத்து நிற்க, நேராக, வேகமாக அவளை இழுத்துக்கொண்டு போனது. அது தன் தம்பியின் நடை என்று அவளுக்குப் பட்டது.

கடைசியாகப் படிக்கட்டு. காப்பகத்தின் பின்பக்கம் சரக்கறைக்கு இறங்கும் படிகள் இருந்தன. அங்கே விளக்கு ஃப்யூஸ் போயிருந்தது. பகலிலும் மங்கலாக இருந்தது. கரியன் மேல்படியில் நின்றுவிட்டது. முன்னங்காலை நீட்டிப் படியின் விளிம்பைத் தடவியது, காலை எடுத்துக்கொண்டது, மறுபடி தடவியது. பிறகு தோளைச் சுவரோடு ஒட்டி உரசிக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்கியது.

அவள் பார்த்தாள். வேறு ஒரு நாளாக இருந்திருந்தால், வேறு ஒருவருக்கான நாயாக இருந்திருந்தால், விளக்கைப் போடச் சொல்லி ஒரு தடவை, அணைத்துவிட்டு ஒரு தடவை என்று அரை நாள் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு அப்படிச் செய்யவில்லை. தாளில் "படிகளில் நிதானம்" என்று எழுதினாள்.

"என்னம்மா, தேறுவானா?" என்றார் காப்பகத்துக்காரர்.

"சரி" என்றாள் சல்லடை.

நிலையத்து மருத்துவர் இதயம், இடுப்பு, ரத்தம் எல்லாம் பார்த்து நன்றாக இருப்பதாகச் சொன்னார். விலங்குகளின் கண்ணைப் பார்க்கும் டாக்டர் மாதத்துக்கு ஒருமுறைதான் வெளியூரிலிருந்து வருவார். அடுத்து வர மூன்று வாரம் இருந்தது. கண் சோதனை முடியாமல் நாயை அதற்கு உரியவரிடம் காட்டக்கூடாது என்பது நிலையத்தின் விதி. அந்த விதியை எழுதிய குழுவில் அவளும் ஒருத்தி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

புல்தரையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் தம்பி. கரியன் போய் அவன் முழங்கால்மேல் மோவாயை வைத்தது. அவன் கை தயங்கித் தயங்கி அதன் தலைக்கு வந்தது. நெற்றி, காது, கழுத்து, முதுகு என்று அளந்துகொண்டே போய் வாலில் முடிந்தது.

"ஏயப்பா, எவ்வளவு நீளம்! நாய்னு சொன்னே, பஸ்ஸைக் கொண்டாந்து நிறுத்தியிருக்கே?" என்றான். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்ததை அவளும் அவன் மனைவியும் பார்த்தார்கள். மனைவி முகத்தைத் திருப்பி மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

அதன்பிறகு அவனைப் பிடித்து வைக்க முடியவில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்துவிடுவான். மதில் ஓரமாக இருந்த நீள நடைபாதையில் அவனும் கரியனும் நடப்பார்கள். அவள் பக்கத்தில் கூடவே ஓடுவாள். "வளைவு எடுக்கிறான் பாரு அக்கா! வால் இடிக்காம, தலை இடிக்காம. பத்தொன்பது வருஷம் ஓட்டினேன், எனக்கு இந்த நெளிவு சுளிவு வரலையே" என்பான். வீட்டில் கரியன் படுக்கத் தோதான இடம் எது என்று கேட்டு மனைவியைத் துளைத்தெடுத்தான். சட்டை கசங்கியிருக்கிறதா என்று மறுபடியும் விசாரிக்க ஆரம்பித்தான்.

மூன்று வாரம் முடிந்தது. கண் டாக்டர் வந்தார். அறையை இருட்டாக்கி, கரியன் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, நெற்றியில் கட்டிய சின்ன விளக்கோடு குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் அடுத்த கண்ணுக்குப் போகாமல் அதே கண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"விழித்திரை தேய்ஞ்சுக்கிட்டு வருதும்மா. பரம்பரையா வர்றது. மருந்து கிடையாது. ரெண்டு வருஷம் தாங்கினா அதிகம்" என்றார். விளக்கைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "இப்பவே மங்கல்ல தடுமாறுவானே. நீங்க கவனிக்கலையா?"

கரியன், சோதனை முடிந்ததா என்பதுபோல் அவள் இருந்த திசையில் வாலை ஆட்டியது.

மறுநாள் காலையில் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். இடது கையால் துணியைத் தடவி மடிப்பைக் கண்டுபிடித்து, அதன் பின்னாலேயே பெட்டியைக் கொண்டுபோனான். மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்காவா? காலடிச் சத்தத்துலயே தெரியுது, ஏதோ இருக்கு. என்ன, பயிற்சி எப்ப ஆரம்பம்?"

மென்று முழுங்காமல் சொல்லிவிடவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்திருந்தாள். ஒரே மூச்சில் சொன்னாள். கண் டாக்டர் சொன்னதை, நோயின் பெயரை, இரண்டு வருஷத்தை. சமையலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது.

தம்பி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். சுவிட்சைத் தடவி அணைத்தான்.

"இதே வியாதியா?"

"கிட்டத்தட்ட."

"முதல்ல எப்படித் தெரிஞ்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது என்றிருக்கலாம். "காப்பகத்துல ஒரு படிக்கட்டு. கொஞ்சம் இருட்டா இருந்துச்சு. காலால தடவித் தடவி இறங்கினான்" என்றாள்.

"அதை யார் பார்த்தா?"

"நான்தான்."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கேதான்டா."

அவன் குரல் உயரவே இல்லை. "உன் பழைய வீட்ல மாடிப்படி ஒண்ணு இருக்குமே. நான் கைப்பிடியைப் பிடிச்சுத் தடவித் தடவி இறங்குவேன். நீ கீழே நின்னு சிரிப்பே. என்னடா, இப்பவே கிழவனாயிட்டியான்னு. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. தூணில் உரசியதற்கு ஒரு வருஷம் முன்னால் அது. ஒரு தடவை இல்லை, மூன்று நான்கு தடவை.

"ஒரு நாய் எப்படிக் காலைத் தூக்கி வைக்குதுன்னு பார்த்தே அதோட ஜாதகத்தைச் சொல்றவ நீ. நான் அப்புறமும் ஒரு வருஷம் பஸ் ஓட்டினேன் அக்கா. ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஓட்டினேன்."

"நீயும்தானேடா சொல்லலை" என்று அவள் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அதுவும் உண்மைதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வேறொன்றைச் சொன்னாள். "வேலைக்குத்தான் அவன் ஆகமாட்டான். வீட்ல வளர்க்கிறதுக்கு உனக்கே தரச் சொல்லிக் கேக்குறேன். ஆனா வீட்ல ஒரு நாய் இருந்தா வழிகாட்டி நாய் தரமாட்டாங்க. நீ யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு? ஒரு வீட்டுக்கு ஒரு குருடு போதும். எங்கேயாவது கொண்டுபோய் விடு. எங்கேன்னு எனக்குச் சொல்லாதே."

அவன் மனைவி ஈரக்கையோடு சமையலறை வாசலுக்கு வந்தாள். "என்னங்க பேசுறீங்க? நேத்து வரைக்கும் அவனுக்குப் போர்வை வாங்கணும்னு நின்னீங்களே?"

"நேத்து வரைக்கும் அவனுக்குக் கண்ணு தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளறைக்குப் போனான். கதவு நிலையில் தோள் இடித்தது. அந்த வீட்டில் அவன் இடித்துக்கொண்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

வாசல்வரை வந்த தம்பி மனைவி, "கொஞ்ச நாள் ஆறட்டும் அண்ணி, விடுங்க" என்றாள்.

ஆறவில்லை. அவன் போனை எடுக்கவில்லை. அவள் மேலாளரிடம் போய், விதியை மீறியதையும் படிக்கட்டில் பார்த்ததை மறைத்ததையும் ஒளிக்காமல் சொன்னாள். தம்பிக்கு இனித் தான் நாய் பார்க்கக்கூடாது, வேறொருவர் பார்க்கட்டும் என்று அவளே கேட்டுக்கொண்டாள். மேலாளர் திட்டவில்லை. "பதினாறு வருஷத்துல ஒரு தடவை" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கரியனை ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ் எடுத்துக்கொண்டார். தரைத்தளத்தில் தனியாக இருப்பவர், படிக்கட்டே இல்லாத வீடு. சேதி கேட்டு அவர், "குருடாகட்டுமே, அதனாலென்ன? பழகிக்குவோம், அவனும் நானும்" என்றார். காரின் பின் சீட்டில் ஏற்றியபோது கரியன் திரும்பி அவளையே பார்த்தது. கயிற்றை அவிழ்த்த பிறகும் அடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நாய் அது என்று காப்பகத்துக்காரர் சொன்னது எவ்வளவு சரி என்று அவளுக்குத் தோன்றியது. அன்று சாயங்காலம் அவள் சாப்பிடவில்லை.

பதினோரு மாதம் கழித்துத் தம்பிக்கு ஒரு நாய் கிடைத்தது. சக ஊழியர் ஒருவர் தேடிக் கண்டுபிடித்தது. வெளிர் மஞ்சள் நிறம், எதற்கும் அசராத சுபாவம். பயிற்சியாளர்கள் அதைச் சாமியார் என்று கூப்பிட்டார்கள். சாமியாரோடு அவன் வெளியே நடமாட ஆரம்பித்தான். கடைக்குப் போனான், மனைவியை மருந்துக்கடையில் கொண்டுபோய் விட்டான், பணிமனையின் விசாரணை அறையில் தொலைபேசியில் தடமும் நேரமும் சொல்லும் வேலையில்கூடச் சேர்ந்தான். எல்லாச் செய்தியும் அவன் மனைவி மூலமாகத்தான் அவளுக்கு வரும். "அதுபாட்டுக்கு வேலை செய்யுது, இவர்பாட்டுக்கு நடக்கிறார் அண்ணி. கொஞ்சுறதெல்லாம் இல்லை" என்பாள்.

பிறகு ஒரு நாள் தம்பியிடமிருந்தே போன் வந்தது. எடுத்த எடுப்பில் நலம் விசாரிக்காமல், "அவனுக்கு இன்னும் தெரியுதா?" என்றான்.

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. "போன மாசத்தோட சுத்தமாப் போயிடுச்சுடா."

"எப்படி நடக்கிறானாம்?"

"சுவரை ஒட்டியே போவானாம். அறை வாசல்ல எல்லாம் அவனை வளர்க்கிற நர்ஸம்மா சின்னச் சின்னதாப் பாய் போட்டு வச்சிருக்காங்க, காலுக்குத் தெரியறதுக்கு."

"என்னைக் கூட்டிட்டுப் போ" என்றான்.

ஒரு சனிக்கிழமை காலை போனார்கள். நர்ஸ் கதவைத் திறந்தார். கரியன் கூடத்தில் படுத்திருந்தது. முன்னைவிடச் சதை போட்டிருந்தது, கண்களில் பாசி படர்ந்ததுபோல ஒரு பச்சை மினுமினுப்பு. தம்பி தரையில் மண்டியிட்டுக் கையை நீட்டினான். "டேய் கரியா. பஸ் வந்திருக்குடா" என்றான்.

கரியன் எழுந்து வந்து மோந்தது. அவன் கையை ஒரு முறை மோந்தது, அவ்வளவுதான். பிறகு அவனைச் சுற்றிக்கொண்டு போய், வாசலில் உட்கார்ந்திருந்த சாமியாரைத்தான் வெகுநேரம் மோந்து பார்த்தது. தம்பியின் கை நீட்டியபடியே இருந்தது.

"அக்கா, எங்கே போனான்?"

"இங்கேதான்டா. சாமியார்கிட்ட இருக்கான்."

"என்னைத் தெரியலையா அவனுக்கு?"

"மூணு வாரம்தானேடா பழகினே."

"ஆமா. மூணு வாரம்தான்" என்றான். முகத்தை மேலே தூக்கி, கூரையைப் பார்ப்பதுபோல் வைத்துக்கொண்டான். கண்ணீர் காதுப்பக்கமாக இறங்கியது. "நான் அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருந்தா இப்போ தெரிஞ்சிருக்கும்" என்றான். நர்ஸ் தண்ணீர் எடுத்துவரப் போவதுபோல உள்ளே போய்விட்டார். அவள் தம்பியின் தோளைத் தொட்டாள். அவன் தட்டிவிடவும் இல்லை, சாய்ந்துகொள்ளவும் இல்லை.

கிளம்பும் முன் மேலும் சிறிது நேரம் கரியன் பக்கத்தில் உட்கார்ந்து அதன் நெற்றியையும் காதையும் தடவினான். பழக்கமில்லாத ஆள் தடவினாலும் சும்மா இருக்கும் நல்ல நாய் அது, சும்மா இருந்தது.

தெருவுக்கு வந்ததும் தம்பி, சாமியாரின் முதுகில் பூட்டிய கைப்பிடியைப் பிடித்தான்.

"படிக்கட்டைப் பத்தி நான் பேசினது" என்று ஆரம்பித்தான்.

"அது நிஜம்தானேடா."

"நிஜம்தான்" என்றான். பேருந்து நிறுத்தம் இருக்கும் பக்கம் அவனுக்கே தெரிந்திருந்தது. நடக்கத் தொடங்கினான். அதே பழைய வேகம். கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு அவள் எட்டி எட்டி நடந்தாள். முதல் முனை திரும்புவதற்குள் பத்தடி பின்தங்கிவிட்டாள்.